பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினை இறக்குதலும் ஏற்றுதலும்



பதுளை நகரிலிருந்து எத்திசையிற் புறப்பட்டாலும் மோட்டார் வண்டிக்கு வாய்ப்பது ஏற்றம் அல்லது இறக்கமே. ஹாலி-எல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று ஏறிச் செல்லும் பாதையும், எல்லவிலிருந்து வெல்லவாயவை நோக்கி எண்ணூறு மீற்றருக்கு மேல் இறங்கிச் செல்லும் பாதையும் வண்டியைச் சோதிப்பதற்கென்றே வெட்டப்பட்டனவோ என எண்ணத் தோன்றும். தேயிலைத் தோட்டங்களின் உட்பாதைகளைப் பற்றிக் கூறவேண்டியதே இல்லை. இத்தகைய பாதைகளில் ஒரு காலத்திலே தோட்டத் துரைமாரின் சிறிய ஆங்கிலக் கார்கள் விரைந்தன. அண்டையிலுள்ள நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டிலேயே மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி தொடங்கிவிட்டது என்பதிலிருந்து, மலைநாட்டில் வேக வண்டிகளுக்கு இருந்த மதிப்பை உணரலாம்.

அத்தகைய வண்டி ஒன்றின் எஞ்சினை உடலிலிருந்து வெளியே எடுத்து, மீண்டும் பொருத்தும் முறையை இன்று நோக்குவோம். எடுத்துக்காட்டாக, 1958ஆம் ஆண்டு மே மாதம் அறிமுகமான ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்னும் இரண்டு இருக்கைக் காரைக் கொள்வோம். முன்விளக்குகள் இரண்டும் மேலே எழும்பி நிற்பதால் இதற்குத் தவளைக்கண் என்பது பட்டப்பெயர்.

இதனைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. பார்வைக்கு ஆடம்பர வண்டியாக இருப்பினும், இதன் எஞ்சின் நம் நாட்டிற் பலருக்கும் பழகிய எஞ்சினே. 1951இல் ஒஸ்ரின் ஏ-30 காருக்காக ஆக்கப்பட்ட 'ஏ வரிசை' எஞ்சின், மறு ஆண்டிலே மொறிஸ் மைனர் காருக்கும் வந்தது. 1956இல் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000 காரில் அதன் கொள்ளளவு 948 கன சென்ரிமீற்றர். அதே 948 எஞ்சினுக்கு இரட்டைக் காபரேற்றரும் வேறு சில மாற்றங்களும் செய்து, 37 ஆக இருந்த குதிரைவலுவை 43 ஆக உயர்த்தி ஸ்பிறைற் காரில் வைத்தனர்.

1960களின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியினால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையில் மொறிஸ் மைனர் போன்ற பழைய வண்டிகளையே மீண்டும் மீண்டும் பழுதுபார்த்து ஓட்டவேண்டியிருந்தது. இல்லாமையே அங்கே ஆசானாக அமைந்தது. மைனரின் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடிய கைகள் ஊர்தோறும் உருவாயின. ஆகவே துரைமாரின் வண்டியை இன்று வாழவைக்கக்கூடியது, சாதாரண மக்களின் வண்டியிலே பெற்ற அறிவுதான்.

முதற்கண் ஒரு கேள்வி. எஞ்சினை வெளியே எடுக்கத்தான் வேண்டுமா? வால்வுகளைத் தேய்த்துச் சரிசெய்வதற்கு எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்கலாம்; மேற்பகுதியைக் கழற்றினாற் போதுமானது. எண்ணெய் அழுத்தம் குறைந்து, பாரம் இழுக்கும்போது அடியிலிருந்து கனத்த தட்டொலி கேட்குமாயின், சுழற்தண்டின் பெயறிங்குகள் தேய்ந்துவிட்டன என்பது பொருள். இந்த எஞ்சினின் சுழற்தண்டைத் தாங்கும் பிரதான பெயறிங்குகள் மூன்றே. அவை தேய்ந்தபின் தாமதிப்பது தண்டையே இழப்பதற்கு வழியாகும்.

கிளட்ச் தேய்ந்தாலும் ஸ்பிறைற் காரில் எஞ்சினை எடுத்தே ஆகவேண்டும். மொறிஸ் மைனரில் வண்டியின் உட்பக்கத்து மூடியைக் கழற்றிக் கியர்ப்பெட்டியைத் தனியே எடுக்கலாம். ஸ்பிறைற்றில் கியர்ப்பெட்டி அமர்ந்திருக்கும் சுரங்கம் உடலோடு சேர்த்து ஒட்டப்பட்டிருப்பதால் அதற்கு இடமில்லை. ஏற்றத்தில் நின்று நின்று புறப்படும் நம் பாதைகளில் கிளட்ச் விரைவில் தேய்வதால், இந்த வேலை ஊவாவில் அடிக்கடி நேரக்கூடியதாகும்.

இனி ஆயத்தங்கள். தரை சமமாகவும் உறுதியாகவும் இருத்தல் வேண்டும். சரிவான முற்றத்தில் இந்த வேலையைத் தொடங்கலாகாது. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சேர்ந்து ஏறக்குறைய மூன்று அந்தர் நிறையுடையன. அந்த நிறையைத் தூக்கச் சங்கிலிக் கப்பியும், அதனைத் தாங்க உறுதியான இரும்பு முக்காலியும் தேவை. கொட்டகையின் கூரை மரத்திற் கப்பியைக் கட்டுவது பலரிடம் காணப்படும் வழக்கம். கூரை மரம் தகரத்தையும் மழையையும் தாங்குவதற்காக வைக்கப்பட்டதே அன்றி, ஒரே இடத்தில் மூன்று அந்தரைத் தாங்குவதற்காக அன்று. மழை ஈரத்தாலும் கறையானாலும் உள்ளே உளுத்த மரம் வெளியே நல்லதாகத் தோன்றும். அது முறியும்போது அடியில் நிற்பவருக்கு விலகுவதற்கு நேரம் இராது.

கருவிகளைவிட முக்கியமானவை பேணிகளும் துண்டுச்சீட்டுகளும். வெறும் பால்மாப் பேணிகள் பத்தும், பழைய தேயிலைப் பெட்டி ஒன்றும் போதும். றேடியேற்றரின் ஆணிகள் ஒரு பேணியில், காபரேற்றரின் ஆணிகள் மற்றொன்றில் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் பெயரெழுதி வைத்தல் வேண்டும். மின்கம்பியைக் கழற்றுமுன் அதிலே சீட்டொன்றைக் கட்டவேண்டும். இக்காலத்தில் கைத்தொலைபேசியாற் படம் எடுத்து வைப்பதும் நல்ல துணையே. இந்த எஞ்சினின் ஆணிகள் ஆங்கில அளவின. மெட்ரிக் ஸ்பானரைக் கொண்டு திருகினால் தலை மழுங்கிவிடும். கொழும்பிலிருந்து ஓர் ஆணி வந்துசேரும் வரை வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும் என்பதை ஊவாவில் உள்ளோர் நன்கு அறிவர்.

கழற்றும் வரிசையைக் கூறுவேன்.

முதலாவது, பற்றரி. இக்காலத்து வண்டிகளிற் பற்றரியின் எதிர்முனையே உடலோடு இணைந்திருக்கும். 1967ஆம் ஆண்டு வரையிலான ஸ்பிறைற் கார்களில் நேர்முனையே அவ்வாறு இணைந்திருந்தது. எதுவாயினும், உடலோடு இணைந்த முனையையே முதலிற் கழற்றல் வேண்டும். அங்ஙனமன்றி மற்ற முனையைத் தொட்டுத் திருகும்போது ஸ்பானர் உடலில் முட்டினால் தீப்பொறி பறக்கும். பெற்றோற் குழாய் அருகிலிருக்கும் இடத்தில் அது விளையாட்டன்று.

இரண்டாவது, முன்மூடி. தவளைக்கண் ஸ்பிறைற்றில் முன்மூடியும் இரு சிறகுகளும் ஒரே பாகமாகப் பின்புறக் கீலில் திறக்கும். கனமானது, நால்வர் நின்று எடுத்துச் சுவரோரம் கம்பளியின்மீது சாய்த்து வைப்பது நன்று.

மூன்றாவது, நீரும் எண்ணெயும். எஞ்சின் ஆறியபின்னரே நீரை வடித்தல் வேண்டும். றேடியேற்றரின் திருகைத் திறப்பதோடு நின்றுவிடாது, எஞ்சின் உடலின் வலப்புறப் பின்பகுதியிலுள்ள திருகையும் திறக்கவேண்டும். அதிலிருந்து நீர் வராவிடின், துருவும் சேறும் அடைத்துள்ளன என்பது அறிகுறி. பின்னர் றேடியேற்றரை எடுத்துவிட்டால் வேலை செய்ய இடம் கிடைக்கும்.

நான்காவது, இடப்புறம். காபரேற்றர்கள், பெற்றோற் குழாய், புகைக்குழாயின் இணைப்பு ஆகியவை இப்பக்கத்தில் உள்ளன. பெற்றோற் குழாயின் முனையை உடனே அடைத்துவிடல் வேண்டும்.

ஐந்தாவது, வலப்புறம். டைனமோ, டிஸ்ரிபியூற்றர், ஸ்ராட்டர் ஆகியவற்றின் கம்பிகளை இங்கே கழற்றுகிறோம். தவளைக்கண் ஸ்பிறைற்றில் எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் மானிக்குரிய வடம் டைனமோவின் பின்புறத்திலிருந்து செல்கிறது. மைனரில் மட்டும் பழகியவர் இதனை மறந்துவிடுதல் இயல்பு.

ஆறாவது, மிகுந்த கவனத்திற்குரியது. நீரின் சூட்டைக் காட்டும் மானிக்கும் எஞ்சினின் மேற்பகுதிக்கும் இடையே மயிரிழைத் துளையுடைய மெல்லிய செப்புக்குழாய் ஒன்று செல்கிறது. அதனுள் விரைவில் ஆவியாகும் திரவம் அடைக்கப்பட்டுள்ளது. குழாய் மடிந்தாலோ முறிந்தாலோ மானி பயனற்றதாகிவிடும். மெதுவாகக் கழற்றி, அகன்ற வளையமாகச் சுற்றி, ஓரமாகக் கட்டிவைக்கவேண்டும்.

ஏழாவது, அடிப்பகுதி. வண்டியை உறுதியான தாங்கிகளின்மீது நிறுத்தியபின்னரே கீழே செல்லவேண்டும். ஜக் ஒன்றை மட்டும் நம்பலாகாது. வேகமானியின் வடத்தைக் கழற்றுக. கிளட்சை இயக்கும் சிறிய உருளையைக் குழாயோடு சேர்த்தே விடுவித்து ஒருபுறம் கட்டுக. குழாயைக் கழற்றாவிடில் பின்னர் காற்றை வெளியேற்றும் வேலை மிஞ்சும். பின்னச்சோடு இணைந்துள்ள தண்டின் நான்கு ஆணிகளையும் கழற்றுமுன், இரு விளிம்புகளுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறிவைப்பது நன்று. அவ்வாறே மீண்டும் சேர்த்தாற்றான் தண்டு அதிராது சுழலும்.

இவ்வளவும் முடிந்தபின் மிகுதியாக இருப்பவை எஞ்சினின் இரு றப்பர்த் தாங்கிகளும் கியர்ப்பெட்டியின் பின்தாங்கியுமே. அவற்றின் ஆணிகளை எடுக்குமுன் கப்பியின் சங்கிலி பாரத்தை ஏற்றிருத்தல் வேண்டும். தூக்கும்போது எஞ்சினின் முன்பகுதி நன்கு உயர்ந்தும் கியர்ப்பெட்டியின் வால் தாழ்ந்தும் இருந்தாலன்றிச் சுரங்கத்திலிருந்து அது வெளிவராது. ஒருவர் சங்கிலியை இழுக்க, ஒருவர் வாலை வழிநடத்த, மூன்றாமவர் ஏதேனும் கம்பியோ குழாயோ இன்னும் பற்றியிருக்கின்றதா என நோக்கவேண்டும். இறுகினால் இழுக்கலாகாது, நிறுத்திப் பார்க்கவேண்டும். இறுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் மறந்த ஓர் இணைப்பே. தொங்கும் எஞ்சினுக்குக் கீழே எவரும் கையையோ காலையோ வைத்தல் கூடாது.

எஞ்சின் வெளியே இருக்கும் காலம் அரிய வாய்ப்பாகும். சேற்றையும் எண்ணெயையும் மண்ணெண்ணெயாற் கழுவித் துடைத்தபின், கசிவுகளின் ஊற்று தெரியும். ஏ வரிசை எஞ்சினின் சுழற்தண்டின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்க முறையான அடைப்பு வளையம் இல்லை. எண்ணெயை உள்ளே திருப்பும் சுருள் வெட்டு ஒன்றே உள்ளது. ஆதலாற் சிறிது கசிவு இயல்பு. மிகுதியாகக் கசிந்து கிளட்ச் தட்டு நனைந்திருப்பின், பின் பெயறிங்கின் தேய்வை ஐயுறல் வேண்டும். கிளட்ச் தட்டையும் அதன் அழுத்து வளையத்தையும், றப்பர்த் தாங்கிகளையும், பழைய நீர்க்குழாய்களையும் இப்போதே மாற்றுவது அறிவுடைமை.

எஞ்சின் உடலே வெடித்துவிட்டதாயின் மைனரின் 948 எஞ்சினை வைக்கலாமா என்று சிலர் கேட்பர். அடிப்படை உடல் ஒன்றே. ஆயினும் பொருத்தும் தகடுகளும் துணைக்கருவிகளும் வேறுபடுவதால் பழையதோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு மாற்றவேண்டும். பழைய எஞ்சினை மட்டும் இரும்புக்கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். அதன் இலக்கம் அந்த வண்டியின் பிறப்புப் பத்திரத்தைப் போன்றது.

ஏற்றுவது, இறக்கியதன் எதிர்வரிசையே. எனினும் இரண்டு இடங்களில் விழிப்பு வேண்டும். எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் பிரித்திருந்தால், கிளட்ச் தட்டு நடுவில் அமைந்திருக்கிறதா என்று அளவான மரத்தண்டு ஒன்றைச் செருகிப் பார்த்த பின்னரே சேர்க்கவேண்டும். சேரும் வரையில் கியர்ப்பெட்டியின் பாரம் கிளட்ச் தட்டின்மீது தொங்கலாகாது. தட்டு வளைந்தால், வேலை முழுவதையும் மீண்டும் செய்ய நேரும். இரண்டாவதாக, எல்லாத் தாங்கிகளின் ஆணிகளையும் விரலாற் தொடக்கி வைத்த பின்னரே ஒவ்வொன்றாக இறுக்கவேண்டும்.

எண்ணெய் முழுதும் வடிந்த இந்த எஞ்சினில் எண்ணெய்ப் பம்பு சிலவேளை உடனே இழுக்காது. ஆகையால் நான்கு தீப்பொறிச் செருகிகளையும் கழற்றிவிட்டு, அழுத்தமானியின் முள் எழும் வரையில் ஸ்ராட்டரால் இடைவிட்டு இடைவிட்டுச் சுற்றவேண்டும். முள் எழாமல் எஞ்சினை முடுக்குவது புதிய பெயறிங்குகளை முதல் நிமிடத்திலேயே தின்னக் கொடுப்பதாகும். பின்னர் 1, 3, 4, 2 என்ற வரிசையில் தீப்பொறிக் கம்பிகளைச் சேர்த்து முடுக்கலாம்.

முதல் ஓட்டத்தைப் பதுளை நகரை அண்டிய மென்சரிவுகளில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. ஹப்புத்தளை உயரத்தில் எஞ்சினின் வலுவில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறையும். நீரும் அங்கே 100 பாகையில் அன்றி 95 பாகையளவிலேயே கொதிக்கும். தாழ்ந்த கியரில் மெல்ல ஏறும் வண்டிக்கு எதிர்க்காற்றும் குறைவு. ஆகவே றேடியேற்றரின் அழுத்த மூடி நன்றாக இருக்கிறதா எனப் பார்த்த பின்னரே மலைக்குச் செல்லவேண்டும். திரும்பி வந்து எஞ்சின் ஆறியதும், எல்லா ஆணிகளையும் மறுமுறை சோதித்தல் வேண்டும்.

இந்த அறிவு ஒரு பொழுதுபோக்கு மட்டுமன்று. 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர், மைனரின் உடற்பாகங்களைச் செய்விப்பதற்கு இலங்கையை நாடினார். வண்டி பிறந்த நாட்டிற்கே பாகம் செய்து அனுப்பும் நிலை நம்மவர் கைத்திறனால் வந்தது. மீண்டும் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டு வரை வழி திறக்காதிருந்தபோது, பழையதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரின் அருமை எல்லோருக்கும் விளங்கிற்று.

தோட்டத் தொழிற்சாலைகளிலும் நகரத்துக் கராஜ்களிலும் இந்த வேலையைக் கையாற் கற்ற மூத்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் அறிந்தவற்றுட் பெரும்பகுதி எந்த நூலிலும் எழுதப்படவில்லை. அடுத்த முறை ஓர் எஞ்சின் இறங்கும்போது, பேணிகளில் ஆணிகளைப் பிரித்துவைக்க ஓர் இளைஞனையும் அருகில் நிறுத்திக்கொள்ளுங்கள். கழற்றியதை ஒழுங்காக வைக்கக் கற்றவனே, நாளை அதனை ஒழுங்காகப் பூட்டவும் வல்லவனாவான்.