மானியத்தைப் பிடித்தால் சமத்துவம் வருமா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) சமத்துவ விதிகள் 2026 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றத்தில் மறுபடியும் விசாரணைக்கு வருவதாக இருந்தன. திருவள்ளூர் ரயில் தடத்தின் செவ்வாப்பேட்டை, வேப்பம்பட்டுப் பக்கத்திலிருந்து எனக்குக் கடிதம் எழுதிய பெற்றோரில் சிலர் சட்டமே ரத்தாகிவிட்டது என்று நினைத்தார்கள். சிலர் எல்லாம் அமலுக்கு வந்துவிட்டது என்றார்கள். இரண்டுமே இல்லை. 2026 ஜனவரி 13 அன்று வெளியான புதிய விதிகளை ஜனவரி 29 அன்று நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2012-இன் பழைய விதிகளே தொடரும் என்றது.

சாதிப் பாகுபாடு என்பது எஸ்சி, எஸ்டி, ஓபிசி மாணவர்களுக்கு எதிரானது மட்டுமே என்று புதிய விதி வரையறுத்தது. வடக்கே பொதுப்பிரிவு மாணவர்கள் தெருவுக்கு வந்தது அதனால்தான். தொலைக்காட்சி விவாதங்களும் அதிலேயே சுற்றின. எனக்கு அதைவிட உறுத்துவது தண்டனைப் பகுதி.

புதிய விதியை மீறும் கல்லூரிக்கு என்ன ஆகும்? யுஜிசி திட்டங்களில் இடம் கிடைக்காது; 2எஃப் (யுஜிசி அங்கீகாரம்), 12பி (மானியத் தகுதி) பட்டியல்களிலிருந்து பெயர் போகும்; பட்டப்படிப்பு நடத்தவே தடை வரலாம். இதைத் திருவள்ளூர் ரயில் தடத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே தெருவுக்குத் தெரு பஸ் அனுப்பும் சுயநிதிக் கல்லூரிகள் பிழைப்பது மாணவர் கட்டணத்தில். 12பி-யில் பெயரே இல்லாத கல்லூரியை 12பி-யிலிருந்து நீக்குவேன் என்று மிரட்டி என்ன பயன்? பட்டப்படிப்புத் தடை நிச்சயம் வலிக்கும். ஆனால் வலி யாருக்கு? புகார் கொடுத்த மாணவியின் பட்டமும் அதோடு போகும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. அதனாலேயே அந்தத் தண்டனையை யாரும் எடுக்கப்போவதில்லை என்பது என் கணிப்பு.

பணத்தைப் பிடித்து உரிமையைக் காக்கும் இந்த உத்தி அமெரிக்காவில் பழையது. 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, மத்திய அரசின் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் இனம், நிறம், பூர்விக நாடு பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. மதம் அந்தப் பட்டியலில் கிடையாது. யூத மாணவர்கள் பொது வம்சாவளி என்ற விளக்கத்தின் வழியாக உள்ளே வந்தார்கள். சட்டத்தை எழுதியவர்கள் சாமர்த்தியசாலிகள். பணத்தை நிறுத்துவதற்கு முன் விசாரணை வேண்டும், குற்றம் பதிவாக வேண்டும், நாடாளுமன்றக் குழுக்களுக்கு அறிக்கை போக வேண்டும், அதன் பிறகும் 30 நாள் காத்திருக்க வேண்டும். நிறுத்துவதும் தவறு நடந்த திட்டத்துக்கான பணத்தை மட்டுமே.

2025 மார்ச்சில் டிரம்ப் அரசு இந்தப் படிகளில் ஏறவே இல்லை. வளாகத்தில் யூத வெறுப்பைத் தடுக்கவில்லை என்று சொல்லி, கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கான 40 கோடி டாலரை ஒரே அறிவிப்பில் ரத்து செய்தது. பெரிதும் அடிபட்டது மருத்துவ ஆராய்ச்சி. ஜூலையில் 20 கோடி டாலரை மூன்று ஆண்டுகளில் கட்ட ஒப்புக்கொண்டு கொலம்பியா சமரசமானது. ஹார்வர்டு நீதிமன்றம் போனது. அதன் 220 கோடி டாலருக்கு மேலான மானியத்தை நிறுத்தியது சட்டவிரோதம், பேச்சுரிமைக்கும் விரோதம் என்று செப்டம்பரில் நீதிபதி அலிசன் பரோஸ் தீர்ப்பளித்தார். யூத வெறுப்பு ஒரு சாக்காகப் பயன்பட்டது என்றும் சொன்னார். அரசு மேல்முறையீடு செய்தது.

ஒரு கல்வி நிறுவனத்தைப் பணிய வைக்க நம் ஊரில் பணத்தைத் தொடக்கூட வேண்டியதில்லை. 2015 மே மாதம், சென்னை ஐஐடியின் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் வெறுப்பைப் பரப்புகிறது என்று ஒரு மொட்டைக் கடிதம் மத்திய மனிதவள அமைச்சகத்துக்குப் போனது. கருத்துக் கேட்டு அமைச்சகம் அதை ஐஐடிக்கு அனுப்பியது, அவ்வளவுதான். வட்டத்தின் அங்கீகாரம் பறிபோனது. நாடு முழுக்கக் கூச்சல் எழுந்த பிறகு ஜூன் 7 அன்று திரும்பக் கிடைத்தது.

இனி யுஜிசி சொல்லும் கணக்கு. சாதிப் பாகுபாட்டுப் புகார்கள் 2019-20-இல் 173, 2023-24-இல் 378. ஐந்து ஆண்டுகளில் வந்தவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் 'தீர்க்கப்பட்டன'. கணக்குக் கொடுத்தவை 704 பல்கலைக்கழகங்களும் 1,553 கல்லூரிகளும். அதாவது 2023-24 முழுக்க ஆறு நிறுவனங்களுக்கு ஒரு புகார். இதை நம்பச் சொன்னால் எப்படி? சாதிப் பாகுபாட்டால் தற்கொலை செய்துகொண்டதாகச் சொல்லப்படும் மாணவர்கள் ரோஹித் வேமுலா, பாயல் தாட்வி இருவரின் தாய்மார்கள் 2019-இல் வழக்குப் போட்டது, புகாரே மேலே ஏறாத இடங்களைப் பற்றி. 'தீர்க்கப்பட்டது' என்பதற்குக் கோப்பு மூடப்பட்டது என்பதற்கு மேல் அர்த்தம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டா? வரைவில் இருந்தது, இறுதி விதியில் எடுத்துவிட்டார்கள்.

2012 விதிகளின் கீழ் ஓபிசி மாணவர் புகார் கொடுக்கலாமா? கொடுக்கலாம், ஆனால் அவற்றின் கவனம் எஸ்சி, எஸ்டி மேல்தான்.

ஐஐடிக்கு இது பொருந்துமா? ஐஐடிகள் யுஜிசியின் கீழ் வருவதில்லை.

கல்லூரியில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், அடித்தால்? எஸ்சி, எஸ்டி மாணவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நேராகக் காவல் நிலையம் போகலாம்; யுஜிசி விதிகள் நிறுத்திவைக்கப்பட்டது அதைத் தொடாது.