ஊமத்தை வேரிலிருந்து இன்ஹேலர் வரை

தென்னேரி ஏரிப் பாசனத்தில் அறுவடை முடிந்து களத்தில் நெல் தூற்றத் தொடங்கினால், இளைப்பு உள்ளவர்களுக்குச் சோதனைக் காலம். தூசு உள்ளே போனதும் மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள தசை இறுகும், உட்சுவர் வீங்கும், சளி சேரும். குழலின் விட்டம் பாதியானால் காற்றுக்குத் தடை, கணக்குப்படி, 16 மடங்கு. நெஞ்சு விசிலடிப்பது அதனால்தான்.

இறுகிய தசையைத் தளர்த்த முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. உடலில் சுரக்கும் அட்ரினலின் இயல்பாகவே தசையைத் தளர்த்தும். 1969இல் விற்பனைக்கு வந்த சால்பியூட்டமால் அதே வேலையைச் செய்கிறது. சில நிமிடங்களில் குழல் விரியும். நான்கைந்து மணி நேரம் தாங்கும். அதே வகை மருந்தான சால்மெட்டரால் 12 மணி நேரம் தாங்கும், ஆனால் மெதுவாகத்தான் தொடங்கும். ஃபார்மோட்டரால் உடனே தொடங்கி 12 மணி நேரம் நிற்கும்.

இன்னொரு வழியின் வரலாற்றில் நம் சென்னைக்கும் பங்குண்டு. மதராஸின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், இளைப்புக்கு ஊமத்தை இனச் செடியின் வேரைப் புகைக்கச் சொன்னார். அவரிடம் கற்ற ஜெனரல் ஜென்ட் 1802இல் அதை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். வேகஸ் நரம்பு அசிட்டைல்கோலினைச் சுரந்து தசையை இறுக்குகிறது. ஊமத்தையிலுள்ள அட்ரோபின் அந்த ஆணை தசையை எட்டாமல் தடுக்கிறது. ஆனால் அது மூளைவரை போய்ப் பிதற்ற வைக்கும், உயிரையும் எடுக்கும். யாரும் முயலவே கூடாது. அட்ரோபினைத் திருத்தி உருவாக்கிய இப்ராட்ரோப்பியம், மின்னேற்றம் கொண்ட மூலக்கூறு என்பதால் ரத்தத்தில் அதிகம் கலக்காது, மூளைக்குள்ளும் எளிதில் நுழையாது. வாய் உலர்வதுதான் பெரும்பாலும் தெரியும் தொல்லை. அதன் வழிவந்த டையோட்ரோப்பியம் ஒருநாள் முழுதும் வேலை செய்யும். பல்லாண்டு விறகடுப்புப் புகையில் சமைத்து நுரையீரல் கெட்ட பெண்களுக்கு இது பெரிய ஆறுதல்.

'இன்ஹேலர் கடைசி மருந்து, பழகினால் விடாது' என்ற பேச்சு எனக்கு வேதனை தருகிறது. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம். இன்ஹேலரின் ஒரு பஃப்பில் 0.1 மில்லிகிராம். கை நடுக்கமும் படபடப்பும் மாத்திரையில்தான் அதிகம். இன்ஹேலரை அழுத்தும்போதே மெதுவாக ஆழமாக இழுத்து, பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். இது கைவராதவர்களுக்கு, இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற குழல் இருக்கிறது.

இவை எதுவும் ஆஸ்துமாவின் உள்வீக்கத்தை வற்றவைக்காது. அதற்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் வேண்டும். ஆஸ்துமாவுக்குச் சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. சால்பியூட்டமாலின் நீல இன்ஹேலரை அடிக்கடி தேடுகிறவர் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது, அதை வாரத்துக்கு எத்தனை முறை எடுக்கிறார் என்பதைத்தான்.