மூணு வண்டி மாத்திட்டு, மறுபடியும் 220

(இந்த எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

போன எபிசோட்ல செயின் பராமரிப்பு பத்திப் பேசும்போது, "என் பழைய 220-ஐ மறுபடி ரோட்டுக்குக் கொண்டு வந்துட்டேன்"னு போற போக்குல ஒரு வார்த்தை சொல்லிட்டேன். செயினை விட்டுட்டு எல்லாரும் அதையே கேட்டீங்க. நல்லா ஓடிட்டிருந்த அட்வென்ச்சர் பைக்கை வித்துட்டு, 15 வயசான வண்டிக்கு யாராவது போவாங்களா? பாசமா, பைத்தியமா? பாசம் இருக்கு, மறைக்கல. ஆனா காரணம் வேற. இன்னைக்கு அதை மட்டும் பேசலாம்.

தெரியாதவங்களுக்காக வண்டியோட கதை கொஞ்சம். பஜாஜ் பல்சர் 220 முதல்ல வந்தது 2007-ல. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், புரொஜெக்டர் ஹெட்லைட், பின்னாடியும் டிஸ்க் பிரேக். அன்னைக்கு நம்ம ஊர்ல அது பெரிய விஷயம். 2009-ல இன்ஜெக்‌ஷனை எடுத்துட்டு கார்ப்ரேட்டர் வெச்சாங்க. பின்னாடி போன மாதிரி தெரியும், ஆனா பவர் கூடுச்சு, விலை குறைஞ்சது. 220 சிசி, ஏறக்குறைய 21 பிஎஸ், 5 கியர், 15 லிட்டர் டேங்க். அதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க லாங் போகணும்னா 2003-ல வந்த கரிஸ்மாதான். அந்த இடத்தை இது பாதி பிடிச்சுக்கிச்சு.

இதுல எனக்குப் பிடிச்ச திருப்பம் என்னன்னா, கம்பெனியே ஒருதடவை இந்த வண்டியை விட்டுட்டுப் போய் திரும்பி வந்திருக்கு. 2021 அக்டோபர்ல எஃப்250 வந்துச்சு: 24.5 பிஎஸ், புது சேசிஸ், மோனோஷாக். அடுத்த வருஷம் 220-ஐ நிறுத்தினாங்க. 2023-ல மறுபடியும் ஷோரூமுக்கு 220 வந்துடுச்சு. பேப்பர்ல பார்த்தா புதுசுதான் எல்லாத்துலயும் மேல. ஆனாலும் ஜனங்க பழசைக் கேட்டிருக்காங்க. அப்போ பேப்பர்ல வராத ஏதோ ஒண்ணு இருக்கணும் இல்லையா?

என் விஷயத்துல அது என்னன்னு கண்டுபிடிக்க எனக்கு மூணு வண்டி தேவைப்பட்டுச்சு.

நான் வண்டலூர். என் ரெகுலர் ரூட் திருவண்ணாமலை. காலையில அஞ்சு மணிக்கு ஜூ வாசலைத் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டுல ஏறினா செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம், அங்க வலது பக்கம் திரும்பி செஞ்சி வழியா திருவண்ணாமலை. ஒரு பக்கம் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். இதுல கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் நெரிசல் இருக்கு, நாலுவழிச் சாலை இருக்கு, செஞ்சிப் பாறைகளுக்கு நடுவுல கிராமத்து ரோடும் இருக்கு. ஒரு வண்டியோட குணம் தெரிய இது போதும்.

முதல்ல வாங்கினது 350 சிசி ரெட்ரோ வண்டி. ஒரகடம் ரோட்டுல இருக்கிறவன் அந்தப் பக்கத்து வண்டி ஓட்டலன்னா எப்படின்னு ஒரு ஆசை. 60, 65-ல போனா சொர்க்கம். 80-ல நெஞ்சு மேல காத்து வந்து சாத்தும். ரெண்டாவது 390 சிசி நேக்கட். வேகத்துக்குக் குறையே இல்ல, ஆனா அந்த வேகத்தை நான் எங்க போய் ஓட்டுறது? மூணாவது அட்வென்ச்சர் பைக். இதைக் குறை சொல்லவே மாட்டேன். ரோடே இல்லாத இடத்துல அது ராஜா. ஆனா சீட் உயரம், அகலமான ஹேண்டில்பார், நிமிர்ந்த உட்காரல். லாரியைத் தாண்டும்போதெல்லாம் காத்து என்னையும் வண்டியையும் சேர்த்து ஒரு தள்ளு தள்ளும். திருவண்ணாமலை போய் இறங்கினா தோள்பட்டை ரெண்டும் கல்லு மாதிரி ஆயிடும்.

இங்கதான் கொஞ்சம் கணக்கு வருது. காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். அந்த எதிர்ப்பைத் தாண்ட வேண்டிய பவர் வேகத்தோட கனத்துக்கு ஏத்த மாதிரி, அதாவது வேகத்தை மூணு தடவை பெருக்கின கணக்குல கூடும். 60-ல இருந்து 80-க்குப் போனா வேகம் மூணுல ஒரு பங்குதான் கூடுது. ஆனா காத்தைக் கிழிக்க வேண்டிய பவர் கிட்டத்தட்ட 2.4 மடங்கு. இஞ்சின் அதைச் சமாளிச்சிடும். உங்க உடம்பு? நிமிர்ந்து உட்கார்ந்தா நெஞ்சுதான் பாய்மரம். பின்னாடி போகாம இருக்க நீங்க ஹேண்டில்பாரைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கீங்க. ரெண்டு மணி நேரமா புல்-அப்ஸ் எடுக்கிற மாதிரி. தோள் வலிக்காம என்ன செய்யும்?

சரி, ரேஸ் பைக் மாதிரி நல்லா குனிஞ்சுட்டா? அப்போ உடம்போட பாரம் மணிக்கட்டுல விழும். வேகமா போனா காத்து நெஞ்சைத் தாங்கும், பாரம் குறையும். மெதுவா போனா தாங்க ஆள் இல்ல, கை போச்சு.

220-ல இருக்கிறது இது ரெண்டுக்கும் நடுவுல. கிளிப்-ஆன் ஹேண்டில்பார், ஆனா லேசான குனிவுதான். அரை ஃபேரிங் நெஞ்சுக்கு வர்ற காத்துல பாதியை மேல தூக்கி விட்டுடும். மிச்சம் வர்ற காத்து, முன்னாடி சாய்ஞ்ச உடம்பை அளவா தாங்கிப் பிடிக்கும். என் உயரத்துக்கு, என் எடைக்கு, இது ரெண்டும் சமமாகிற வேகம் 75-ல இருந்து 85 வரை. அந்த வேகத்துல கையில பாரமும் இல்ல, இழுப்பும் இல்ல. நாலுவழிச் சாலையில பைக்குக்கு சட்டம் வெச்ச வேகம் 80. டார்க் உச்சத்துக்கு வர்றது 7,000 ஆர்பிஎம்-ல. 80-ல இஞ்சின் அதுக்குக் கீழ நிதானமா ஓடிட்டிருக்கும், ஓவர்டேக் பண்ணணும்னா மேல இடம் இருக்கும்.

அப்போ ஸ்போர்ட் டூரர்னா சிசி இல்ல, ஃபேரிங்கும் மட்டும் இல்ல. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்காக வெட்டின உட்காரல் அது. உங்க வேகம் எதுன்னு தெரியாம வண்டி வாங்கினா என்னை மாதிரி மூணு தடவை நஷ்டப்படணும். இதே 220 கூடுவாஞ்சேரி சிக்னல்ல மணிக்கட்டைப் பிழியும், பொய் சொல்ல மாட்டேன். தினமும் தாம்பரம் ஆபீஸ் போயிட்டு வர்றவருக்கு இதைச் சிபாரிசு பண்ணவே மாட்டேன். நானே அதுக்கு ஸ்கூட்டர்லதான் போறேன். பின் சீட்டைப் பத்தி என் மனைவியோட கருத்து: "என்னங்க, திருவண்ணாமலைக்கு நான் பஸ்ஸுலயே வந்துடுறேன்." கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துலயே இருக்கிறதால அந்த மிரட்டலுக்கு இப்போ வெயிட் ஜாஸ்தி.

இனி செலவு. என் வண்டி 2010 ஜூலை. 2017-ல இருந்து ஊரப்பாக்கத்துல மச்சான் வீட்டு மாடிப்படிக்குக் கீழ தூங்கிட்டிருந்துச்சு. 2025-ல ஆர்சிக்கு 15 வருஷம் முடியப் போகுது. புதுப்பிக்கணும், இல்ல காயலான் கடை. கடைக்காரர் 9,000 ரூபாய் சொன்னார். மெக்கானிக் சுத்தி வந்து பார்த்துட்டு, "அண்ணே, வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா 25-க்குக் குறையாது"ன்னார். ஒரு வாரம் யோசிச்சேன். அட்வென்ச்சர் பைக்கை வித்த காசு கையில இருந்ததால துணிஞ்சேன். கடைசியில 31,000 ஆச்சு.

எதுக்குன்னு கேட்டீங்கன்னா, பெரும்பாலும் ஓடாததுக்கு. ஓடிக் கெட்ட வண்டியை விட நின்னு கெட்ட வண்டி மோசம். பெட்ரோல்ல இருக்கிற எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் டேங்க் அடியில சேர்ந்து துருவாகும். கார்ப்ரேட்டர் ஜெட்ல பழைய பெட்ரோல் பிசின் மாதிரி ஒட்டியிருந்துச்சு. டேங்க்கைக் கழுவி, ஜெட்டைச் சுத்தம் பண்ணி, பெட்ரோல் டியூப், வாஷர், கேஸ்கட் எல்லாம் புதுசு போட்டோம். 2023 ஏப்ரலுக்கு முன்னாடி வந்த வண்டிகள் இ20 பெட்ரோலை மனசுல வெச்சு செஞ்சதில்ல. ரப்பர் பாகங்கள்தான் முதல்ல இறுகி வெடிக்கும். பழைய வண்டி வெச்சிருக்கவங்க வருஷம் ஒருதடவை அந்த டியூபை வளைச்சுப் பாருங்க. ரெண்டு, மூணு வாரம் எடுக்கப் போறதில்லன்னா கார்ப்ரேட்டர்ல இருக்கிறதை வடிச்சிடுங்க. நூறு ரூபாய் பெட்ரோலுக்குப் பார்த்து ரெண்டாயிரம் ரூபாய் வேலை வெச்சுக்காதீங்க.

டயர்ல பட்டன் அப்படியே இருந்துச்சு, மச்சான் "புது டயர் மாதிரி இருக்கே"ன்னார். பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும் பாருங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். இதுல 2015-ன்னு இருந்துச்சு. ரப்பர் மரக்கட்டை. ரெண்டையும் தூக்கிப் போட்டோம். ஃபோர்க் சீல், செயின் ஸ்ப்ராக்கெட், பேட்டரி, பிரேக் ஆயில், இதெல்லாம் நீங்களே ஊகிச்சிருப்பீங்க.

ஆர்சி புதுப்பிக்க பைக்குக்கு 1,000 ரூபாய் கட்டணம், 2022-க்கு முன்னாடி அது 300. அதோட பசுமை வரி, இன்சூரன்ஸ், புகை சர்டிஃபிகேட். வண்டியை நேர்ல கொண்டு போய்க் காட்டணும். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக், நம்பர் பிளேட், சேசிஸ் நம்பர். என் சேசிஸ் நம்பர் துருவுல மறைஞ்சிருந்ததை மெக்கானிக் முந்தின நாளே தேய்ச்சு வெச்சிருந்தார். இல்லன்னா இன்னொரு நாள் லீவு போட்டிருக்கணும். முடிஞ்சதும் அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்ல.

"31,000 போட்டதுக்கு செகண்ட்ஸ்ல 2023 மாடலே பார்த்திருக்கலாமே"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். நியாயம். இன்ஜெக்‌ஷன் இருக்கும், ஏபிஎஸ் இருக்கும். குளிர்காலக் காலையில சோக் இழுத்துட்டு நிக்க வேணாம். கிக்கரும் கிடையாதுங்கிறதால பேட்டரி இறங்கினா தள்ளித்தான் எடுக்கணும். இன்னைக்கு வாங்கப் போறவங்களுக்கு நான் சொல்றதும் புதுசுதான், ஏபிஎஸ்-க்காகவே. ஏபிஎஸ் இல்லாத என் வண்டியில மழை நாள்ல திருவண்ணாமலை பக்கமே நான் போறதில்ல.

போன மாசம் ரெண்டு தடவை போயிட்டு வந்தேன். ரெண்டாவது தடவை மதுராந்தகம் ஏரிக்கரை தாண்டினப்போதான் கவனிச்சேன், செங்கல்பட்டுல இருந்து நான் தோளை ஒருதடவை கூட உதறல. ஆனா மெதுவா வளைக்கும்போது ஹேண்டில்பார் நடுவுல ஒரு பள்ளத்துல விழுற மாதிரி சிக்குது. கோன் செட் போயிருக்கு. சனிக்கிழமை மாத்துறோம், அடுத்த எபிசோட்ல அதை எப்படி வீட்டுலயே சோதிச்சுப் பார்க்கிறதுன்னு சொல்றேன். வரேன்.