குடிக்கூலியும் முன்பணமும்

சென்ற கோடையில் நான் தங்கியிருந்த அறையைக் காலி செய்தேன். மொட்டை மாடியில் தனித்து நின்ற ஓர் அறை அது. இவ்வகை அறையைத் தில்லிவாசிகள் ‘பர்சாத்தி’ என்பார்கள். குடியேறும்போது மூன்று மாதக் கூலியை முன்பணமாகக் கொடுத்திருந்தேன். அதற்காக ஊரில் அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் வாங்கினார், நகை அம்மாவுடையது. நான் வெளியேறும் நாளில் வீட்டுக்காரர், “வெள்ளையடிக்க வேண்டும், குழாய் ஒழுகுகிறது, கணக்குச் சரியாகிவிட்டது” என்று ஒரே மூச்சில் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். குழாயோ நான் வருமுன்னரே ஒழுகிக் கொண்டிருந்தது. ஆனால் அதற்கு என்னிடம் சான்று ஏது? ‘அளந்து குறித்து வைக்காததை நம்பாதே’ என்று இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இளையவர்களுக்குப் போதிக்கிறவன் நான்!

அந்தக் கசப்பில் பிறந்ததே இக்கட்டுரை. முன்பணம் குடியிருந்தவர் கைக்குத் திரும்ப மற்ற நாடுகள் என்ன வழி செய்துள்ளன என்று தேடிப் படித்தேன். நம் சங்க நண்பர்கள் சிலர் மேற்படிப்புக்குக் கடல் கடக்க இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது பயன்படக் கூடும்.

முதலில் ஜெர்மனி. அங்கே மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாடகை வீட்டில்தான் வாழ்கிறார்கள். வாடகையில் ‘குளிர் வாடகை’, ‘சூட்டு வாடகை’ என இரண்டு உண்டு. வெறும் இடத்துக்கானது முன்னது. வீட்டைச் சூடாக்கும் செலவு, தண்ணீர் முதலியன சேர்ந்தது பின்னது. முன்பணம் மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் போகக்கூடாது. அதையும் மூன்று தவணைகளில் செலுத்தலாம். வீட்டுக்காரர் அத்தொகையைத் தம் பணத்தோடு கலக்காமல் வட்டி வரும்படி தனியே வைக்க வேண்டும். அந்த வட்டியும் குடியிருப்பவருக்கே. ஒன்று மட்டும் எச்சரிக்கை: பல வீடுகளில் சமையலறை வெறுஞ்சுவராக இருக்கும். முன்பு இருந்தவர் அடுப்பு, அலமாரி எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு போயிருப்பார்!

இங்கிலாந்தில் 2007 முதல், பெற்ற முன்பணத்தை வீட்டுக்காரர் அரசு ஏற்ற காப்புத் திட்டம் ஒன்றில் பதிய வேண்டும்; இப்போது அதற்குக் கெடு 30 நாட்கள். தவறினால் முன்பணத்தைப் போல் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பூசல் வந்தால் அத்திட்டத்தின் நடுவர் கட்டணமின்றித் தீர்த்து வைப்பார். பிடித்தம் செய்ய விரும்பும் வீட்டுக்காரர்தாம் சான்று காட்ட வேண்டும். என் குழாய்க் கதை அங்கே நடந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் அன்றோ? 2019ஆம் ஆண்டுச் சட்டம், பெரும்பாலான வீடுகளுக்கு முன்பணத்தை ஐந்து வார வாடகைக்குள் அடக்கிவிட்டது.

ஜப்பானில் முன்பணத்தோடு ‘ரெய்கின்’ என்ற நன்றிப் பணமும் கேட்பதுண்டு. வீடு கொடுத்தமைக்கு நன்றியாகத் தருவது, திரும்பி வராது. ஆனால் 2020இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருந்தவர் பொறுப்பல்லர் என்று எழுதியே வைத்துவிட்டது.

தென் கொரியாவின் ‘ஜொன்சே’ முறை நமக்குப் புதிதன்று. வீட்டு விலையில் பாதிக்கு மேலும் ஆகக்கூடிய பெருந்தொகையை முதலிலேயே கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை. வழக்கமாக இரண்டாண்டு முடிந்ததும் தொகை அப்படியே திரும்பும். நம் ஊர்ப் போக்கியம், ஒத்தி போலத்தான். வீட்டு விலை சரிந்தபோது பணத்தைத் திருப்ப முடியாத உடைமையாளர்களாலும், ஏமாற்றுக்காரர்களாலும் பலர் சேமிப்பை இழந்தனர். அவர்களுக்கு உதவ 2023இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். ஒப்பந்தம் ஏன் எப்போதும் பதினொரு மாதம்? 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கவே ஒரு மாதத்தைக் குறைக்கிறார்கள். மத்திய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகையே முன்பணத்தின் உச்சவரம்பு என்கிறது. ஆனால் மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் அதற்கு உயிர்.

சட்டம் வரும்வரை சும்மா இருப்பதா? புதிய அறைக்குக் குடிபோன அன்று சுவர், குழாய், சன்னல், மின்விசிறி ஒவ்வொன்றையும் படம் பிடித்தேன். பழுதுகளைப் பட்டியலிட்டு இரு படிகள் எடுத்தேன். முன்பணத்துக்கு ரசீதும் கேட்டேன். புது வீட்டுக்காரர் முதலில் முகம் சுளித்தார். பின்பு, “என் மகனும் வெளியூரில்தான் படிக்கிறான்” என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

அப்பட்டியலின் படியொன்றைச் சங்க அறையில் வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு புதிதாக வரும் தம்பி தங்கையர் அதைப் பார்த்து எழுதிக்கொள்க. அம்மாவின் வளையலை இன்னும் மீட்கவில்லை. உங்கள் வீட்டு வளையலாவது பெட்டியில் இருக்கட்டும்.