இடம் மாறும் நிறம்

தீக்காயம் ஆறினாலும் வெளுப்பு போவதில்லை. அதற்கான மருந்து நோயாளியின் தொடையிலேயே இருக்கிறது.

வட இந்தியாவில் ரயிலில் போகிறவர்களுக்குப் பழகிய காட்சி: தண்டவாளத்தை ஒட்டிய சுவர்களில் கொட்டை எழுத்தில் 'சஃபேத் தாக்' சிகிச்சை விளம்பரம். 'வெள்ளைக் கறை' என்பது நேர்ப்பொருள். வெண்புள்ளி, தொழுநோய்த் தேமல், கொதி எண்ணெய் கொட்டி வெளுத்த கை எல்லாம் அந்த இரண்டு சொற்களுக்குள் அடக்கம். தமிழும் உத்தமமில்லை. தொழுநோயோடு சம்பந்தமே இல்லாத வெண்புள்ளியை 'வெண்குஷ்டம்' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தவர்கள்தானே நாம்? அடுப்படியில் வெந்த கை என்று சொன்னால் பெண் பார்க்க வந்தவர்கள் லேசில் நம்புவதில்லை.

உண்மையில் இரண்டும் வேறு. வெண்புள்ளியில் உடலின் எதிர்ப்புச் சக்தியே நிறமிச் செல்களைத் தாக்குகிறது; அது பரவலாம். தீயால் வந்த வெளுப்பு வெந்த இடத்தோடு நின்றுவிடும். தோலின் மேலடுக்கின் அடிப்பகுதியில் மெலனோசைட் என்ற செல்கள் நிறமியைத் தயாரிக்கின்றன. ஒவ்வொன்றும் சுற்றியுள்ள சுமார் 36 செல்களுக்குப் படியளக்கிறது. மேலோட்டமான காயமென்றால் மயிர்க்கால்களில் இருக்கும் கையிருப்பு மேலேறி, புள்ளி புள்ளியாக நிறம் திரும்பும். ஆழமாக வெந்தால் மயிர்க்காலும் கருகிவிடும். பிறகு எந்தக் களிம்பைத் தடவியும் பெரிய பயனில்லை. விதையில்லாத வயலுக்கு உரம் எதற்கு?

விதையை வேறு இடத்திலிருந்து கொண்டுவர வேண்டும். மெல்லிய தோலைச் சீவி ஒட்டி வெண்புள்ளிக்குச் சிகிச்சை செய்ததை டெல்லி மருத்துவர் பி.என். பெஹல் 1964லேயே எழுதினார். பிறகு வந்தது கொப்புள முறை. தொடையில் உறிஞ்சும் விசையால் கொப்புளம் எழுப்பி, அதன் மேல்தோலை வெட்டியெடுத்து, சுரண்டித் தயார் செய்த வெள்ளை இடத்தில் போர்த்துகிறார்கள். விலையுயர்ந்த கருவி இல்லாவிட்டால் சாதாரண பிளாஸ்டிக் சிரிஞ்சே போதும். கொப்புளம் எழச் சில மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பரப்பு பெரிதென்றால் தோலை ட்ரிப்சின் என்ற நொதியில் ஊறவைத்து, செல்களைப் பிரித்து, திரவமாக்கி ஊற்றுவார்கள். எடுத்த தோலைப் போலப் பத்து மடங்கு இடத்தை மூடலாம். ஆனால் அதற்கு ஆய்வக வசதி வேண்டும். மாவட்ட மருத்துவமனைக்கு எங்கே போவது? இங்கேதான் ஜோத்பூர் கைகொடுக்கிறது. அங்குள்ள டாக்டர் எஸ்.என். மருத்துவக் கல்லூரியின் தோல் மருத்துவர் திலீப் கச்சாவா வெண்புள்ளிக்காக உருவாக்கிய முறையில் நொதியும் இல்லை, ஆய்வகமும் இல்லை. தொடையில் ஆன்டிபயாடிக் களிம்பைப் பூசி, அதன் மேலேயே தோல் தேய்க்கும் மோட்டார் கருவியை ஓட்டுகிறார்கள். துருவிய தோல் களிம்போடு குழைந்து பசையாகிறது. அதை வழித்து வெள்ளைப் பகுதியில் பூசி, சுமார் ஒரு வாரம் கட்டுப் போட்டுவிடுகிறார்கள். 'ஜோத்பூர் டெக்னிக்' என்றே இதற்குப் பெயர்.

தீக்காய வெளுப்பில் ஒரு சாதகம் உண்டு: குடியேறிய செல்களைத் தாக்கும் எதிரி உள்ளே இல்லை. சிக்கல், தழும்புதான். அது முதிரும்வரை, பெரும்பாலும் 6 மாதம் முதல் ஓராண்டுவரை, கத்தி வைக்க மாட்டார்கள். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு என்றால் தயங்குவார்கள். ரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் ஒட்டு பிடிக்காமலும் போகலாம். நிறம் வரப் பல மாதங்கள் ஆகும். சுற்றுத் தோலைவிடக் கருத்தும் தெரியலாம். தழும்பே மறைந்துவிடும் என்று நம்பி வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். திரும்புவது நிறம் மட்டும். சுருக்கம் அப்படியே இருக்கும்.

செலவு விஷயத்திலும் பெயர் முக்கியம். மருத்துவக் காப்பீட்டில் அழகுக்கான அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்புக்கு அந்த விலக்கு பொருந்தாது. எனவே மருத்துவர் தரும் சான்றிதழில் வெறும் 'வெள்ளைத் தழும்பு' என்று இருக்கிறதா, 'தீக்காயத்துக்குப் பிந்தைய நிறமிழப்பு' என்று இருக்கிறதா என்பதை மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.