கீழ்த்தொட்டியும் களப்பும்

நன்னீர் மீனை வளர்த்தல் எளிது, கடல் மீனை வளர்த்தல் அரிது என்பர். இவ்வருமைக்குக் காரணம் பெரும்பாலும் நீரேயாம். கடலில் ஒரு மீன் கழிக்கும் கழிவு பரந்த நீர்ப்பரப்பிற் கரைந்து மறையும். நூறு இலீற்றர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியிலோ அது போக்கிடமின்றித் தேங்கும். இவ்விடரை நீக்கும்பொருட்டுத் தொட்டியின்கீழ் மறைவாக வைக்கப்படும் இரண்டாந் தொட்டியையும், அதனுள் அமையும் புகலிட அறையையும் பற்றி ஈண்டு ஆராய்வோம். முன்னதைச் சம்ப் என்றும் பின்னதை ரெபியூஜியம் என்றும் ஆங்கிலத்தில் வழங்குவர்.

பெயர்கள் புதியனவாயினும் பொருள் திருகோணமலை மாவட்டத்தார்க்குப் பழகியதே. கிண்ணியாவை அடுத்துள்ள குறிஞ்சாக்கேணிக் களப்பை நோக்குக. இத்தகைய களப்புகளின் ஆழங்குறைந்த நீரில் வெயில் அடிவரை செல்லும். பாசியும் கடற்புல்லும் கரையோரக் கண்டலும், வயல்களினின்றும் ஊர்களினின்றும் வந்து சேரும் போசணைப் பொருள்களை உறிஞ்சி வளரும். அவற்றின் நிழலிலே சிற்றுயிர்கள் பகைவர்க்கு அஞ்சாது பெருகும். இறால் கடலில் முட்டையிட, அதன் குஞ்சுகள் களப்பினுட் புகுந்து வளர்ந்து மீண்டும் கடலை அடைவதை அவ்வூர் மீனவர் நன்கறிவர். கடலுக்குக் களப்பு எதுவோ, மேற்றொட்டிக்குக் கீழ்த்தொட்டி அதுவாதல் வேண்டும். அதனை வெறும் வடிகட்டியாகக் கருதுவோர் பஞ்சையும் வலையையும் நிரப்பி வைத்துப் பின்னர் ஏமாற்றமடைகின்றனர்.

இயற்கையைத் துணைக்கொள்ளும் இம்முறைக்கு வழிகாட்டியவருள் ஒருவர் ஆசிய நாட்டினர் என்பது நாம் மகிழத்தக்கது. யகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்கள் படிந்த கடற்கற்களையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு கடல்மீன் வளர்த்த முறையை 1961ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர் அமெரிக்காவில் சிமித்சோனியன் நிறுவனத்தைச் சார்ந்த வால்ற்றர் ஏடி, பாசியை வளர்த்து அறுத்தெடுப்பதன் மூலம் நீரைத் தூய்மையாக்கும் முறையைப் பவளப்பாறைத் தொட்டிகளிற் செய்து காட்டினார்.

பாசி வேண்டப்படுவது ஏன்? மீனின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியா நஞ்சாகும். கல்லிலும் மணலிலும் குடியேறும் பற்றீரியாக்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும். இப்பற்றீரியாக்கள் போதியளவு பெருகுதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். அதுவரை மீனை விடுதல் கொலைக்கு ஒப்பாகும். நைத்திரேற்றின் நஞ்சு குறைவெனினும் அது நாடோறும் சேர்ந்துகொண்டே போகும். அதனைத் தன் உடலாக்கிக்கொள்வது பாசி. பாசியை அறுத்து வெளியேற்றும்போது நைத்திரேற்றும் உடன் வெளியேறுகிறது. அறுக்காது விட்டாலோ அழுகிய பாசி, தான் உண்டதை மீண்டும் நீரிலேயே கக்கிவிடும்.

இனி அமைப்பைக் காண்போம். மேற்றொட்டி 60 ச.மீ. நீளமும் 40 ச.மீ. அகலமும் 40 ச.மீ. உயரமும் உடையதெனக் கொள்வோம். அதன் கொள்ளளவு 96 இலீற்றர். கீழ்த்தொட்டி முறையே 50, 30, 35 ச.மீ. அளவினதாகலாம். குளம் வான் பாய்வது போல, மேற்றொட்டியின் விளிம்பருகே அமைந்த வழிவாயினூடாக நீர் தானே கீழிறங்கும். கீழ்த்தொட்டியைக் கண்ணாடித் தடுப்புகளால் மூன்று அறைகளாக்குக. முதலறையில் நீர் விழுந்து குமிழி அடங்கும். நடுவறை புகலிடம், அதுவே பெரிதாக இருத்தல் வேண்டும். கடையறையில் உள்ள பம்பி நீரை மேலேற்றும். ஒரு மணி நேரத்தில் 300 முதல் 500 இலீற்றர் வரை ஏற்றும் பம்பி இதற்குப் போதும். பெரிய பம்பியை வாங்கிப் புகலிடத்தை ஆறாக்குதல் வீண்.

மின்சாரம் நின்றால் நிகழ்வது யாது என்பதைத் தொடங்குமுன்னரே கணித்தல் இன்றியமையாதது. 2022ஆம் ஆண்டில் ஒருநாளில் 13 மணி நேரம் வரை இருளில் இருந்த நாட்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கீழ்த்தொட்டியில் நீர் 20 ச.மீ. உயரத்தில் ஓடுமாயின், எஞ்சிய 15 ச.மீ. இடம் 22.5 இலீற்றர் கொள்ளும். பம்பி நிற்க, மேற்றொட்டியின் நீர் வழிவாயின் உதடு வரை 3 ச.மீ. இறங்கினால் 7.2 இலீற்றர் கீழே வரும், அச்சமில்லை. ஆயின் நீரை மேலேற்றிய குழாயின் வாய் 12 ச.மீ. ஆழத்தில் அமிழ்ந்திருப்பின், சைபன் வினையால் 28.8 இலீற்றர் பின்னோக்கி இறங்கி, ஆறு இலீற்றருக்கு மேற்பட்ட உப்புநீர் வீட்டுத் தரையிற் பாயும். அக்குழாயில் நீர்மட்டத்தின் சற்றுக் கீழே ஒரு சிறு துளையிட்டால், மட்டம் துளைக்குக் கீழே இறங்கியதும் காற்றுப் புகுந்து சைபன் அறும். துளையைப் பாசி அடைத்துவிடும். ஆதலின் கிழமைதோறும் ஊசியாற் குத்திப் பார்த்தல் நன்று.

நீராவியால் ஏற்படும் குறைவு முழுவதும் கடையறையிலேயே தோன்றும். அதன் பரப்பு 360 சதுர ச.மீ. எனின், ஓர் இலீற்றர் குறைய மட்டம் ஏறத்தாழ 3 ச.மீ. தாழும். உப்பு ஆவியாகாதாகையால், குறையை நன்னீரால் நிரப்புக. கடல்நீரால் நிரப்பின் உவர் ஏறும். தன்னீர்ப்பு 1.025 அளவில் நிற்றல் வேண்டும். வாடைக் காலத்தில் மழைநீர் கலந்த களப்பு நீரை மொண்டு வந்து தொட்டியில் ஊற்றுதல் தகாது.

புகலிடத்தில் எப்பாசியை இடுவது? மேனாட்டார் கீடோமோர்பாவை விரும்புவர். கோலெர்ப்பா விரைந்து வளருமெனினும், சிலவேளை தன் உட்பொருள் முழுவதையும் ஒரே இரவில் நீரில் விட்டு மடிந்து, தொட்டியைப் பாலாக்கிவிடும். நம்மவர் கஞ்சிக்கும் பானத்துக்கும் பயன்படுத்திய கஞ்சிப்பாசியே எமக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. இலங்கையின் கடற்பாசிகளை ஆராய்ந்து எம். துரைரத்தினம் அவர்கள் 1961இல் வெளியிட்ட நூல், இத்துறையில் நம் மாணவர் நாடவேண்டிய ஒன்று. கண்டற் கன்றை நடுவோரும் உளர். அதன் அழகு மறுக்கொணாததாயினும், மெல்ல வளர்வதாகையால் சிறு தொட்டியின் கழிவை நீக்க அது உதவாது.

புகலிடத்து விளக்கை இரவில் ஏற்றுக. இருளில் உயிர்கள் யாவும் காபனீரொட்சைட்டை வெளிவிட, நீரின் காரத்தன்மை தாழும். மேலே இரவாகக் கீழே பகலாயின், ஒளித்தொகுப்பு அவ்வாயுவைக் கவர்ந்து தாழ்வைக் குறைக்கும். பாசியினிடையே பெருகும் கோப்பிபொட்டு முதலிய நுண்ணுயிரிகள் நீரோடு மேலேறி, சிறுவாய் மீன்களுக்கு இரையாகும். இதன்பொருட்டே புகலிடத்தில் மீனை விடுதல் ஆகாது.

பற்றீரியா குடியேறுதற்குக் கல் வேண்டுமென்று பவளத்தை உடைத்தெடுத்தல் குற்றமாகும். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட புறாத்தீவினின்று ஒரு துண்டும் எடுக்கலாகாது. சுண்ணக்கல்லும் சுட்ட மண்ணோட்டுத் துண்டுகளும் அப்பணியை நன்கு செய்யும். பழைய தொட்டி ஒன்றினின்று பெற்ற கைப்பிடி மணல், வேண்டிய சிற்றுயிர்களைக் கொணரும். இரு கிழமைக்கொருமுறை பாசியில் மூன்றிலொரு பங்கை அறுத்து, ஒரு பகுதியைப் பாசியுண்ணும் மீன்களுக்கு இட்டு, எஞ்சியதை உப்புப் போகக் கழுவித் தென்னையின் அடியில் இடலாம்.