இருபது விநாடியை எண்ணுவது யார்?

சாஃப்ட்பாலில் பந்து கைக்கு வந்த 20 விநாடிக்குள் பிட்சர் அடுத்த பந்தை எறிந்துவிட வேண்டும். தவறினால் எறியாத பந்துக்கு ஒரு 'பால்' எதிரணிக்குக் கிடைக்கும். அமெரிக்காவின் யுஎஸ்ஏ சாஃப்ட்பால் விதியும் பள்ளி ஆட்டங்களின் விதியும் இதையே சொல்கின்றன. ஆனாலும் இந்தத் தண்டனையைக் களத்தில் பார்ப்பது அபூர்வம். நடுவர்களின் மெத்தனம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பிளேட் நடுவர் அந்த 20 விநாடியில் இடக்கை இண்டிகேட்டரில் கணக்கைச் சரிபார்க்கிறார். பேட்டரின் கால் கோட்டுக்குள் இருக்கிறதா, கேட்சர் எங்கே உட்காருகிறார் என்றும் கவனிக்கிறார். இதற்கு நடுவே மனதுக்குள் எண்ணி, '22 ஆகிவிட்டது' என்று அறிவித்தால், மறுக்கும் பயிற்சியாளரிடம் காட்ட அவர் கையில் ஒன்றுமில்லை. அதனால் ஆறு இன்னிங்ஸ் பொறுத்துப்போய், ஏழாவதில் பொறுமையிழந்து தண்டிக்கிறார். விதிப்படி சரியான அந்தத் தீர்ப்பு, ஆட்டக்காரர்களுக்கு அநியாயமாகவே படும்.

ஆக, குறை விநாடிகளின் எண்ணிக்கையில் இல்லை, எண்ணும் முறையில்தான். இதற்குப் பேஸ்பாலே சாட்சி. பேஸ்கள் காலியாக இருந்தால் 12 விநாடிக்குள் எறிய வேண்டும் என்ற மேஜர் லீக் விதி பல காலம் ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. 2023-ல் எல்லாருக்கும் தெரியும்படி கடிகாரம் வைத்து, அதே நிலைக்கு 15 விநாடி கொடுத்தார்கள். அவகாசம் கூடியும், ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் முந்தைய ஆண்டின் 3 மணி 4 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது.

கடிகாரமா ஆட்டத்தை முடிப்பது என்று கேட்பார்கள். அப்படியும் நடந்தது: 2023 பிப்ரவரி 25 அன்று பிரேவ்ஸ் - ரெட் சாக்ஸ் பயிற்சி ஆட்டம் 6-6 என்றிருக்க, பேஸ்கள் நிரம்பிய கடைசிக் கட்டத்தில், பேட்டர் நேரத்துக்குத் தயாராகாததால் மூன்றாவது ஸ்டிரைக் விழுந்தது. கசப்பான முடிவுதான். ஆனால் சீசன் நகர நகர மீறல்கள் குறைந்தன. சாஃப்ட்பாலில் தாமதத்துக்கு நியாயமும் குறைவு. பந்து கையை விட்டுப் போகும்வரை ரன்னர் பேஸை விட்டு நகரக் கூடாது என்பதால் அவரை மிரட்டி நிறுத்தும் வேலை பிட்சருக்கு இல்லை. பெரும்பாலும் நேரத்தை விழுங்குவது ஓரத்திலிருந்து பயிற்சியாளர் எந்தப் பந்தை எறிய வேண்டும் என்பதற்கான குறியீட்டு எண்ணைக் கூவ, பிட்சர் மணிக்கட்டு அட்டையில் அதைத் தேடும் சடங்கு. அவர் தாமதத்துக்கு இவருக்குத் தண்டனையா என்றால், ஆம்; இரண்டு 'பால்' எதிரணிக்குப் போனால் பயிற்சியாளர் தானாகச் சுருக்கிக்கொள்வார்.

சிறு மைதானங்களில் மின் கடிகாரத்துக்கு வழியில்லை என்பது உண்மை. பேஸ் நடுவர் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். எண்ணிக்கை எந்தக் கணத்தில் தொடங்கும் என்பதை ஆட்டத்துக்கு முன் இரு பயிற்சியாளர்களிடமும் சொல்லிவிட்டு, முதல் இன்னிங்ஸிலேயே அமல்படுத்த வேண்டும்.